மோடம் கத்தினால் படிக்கட்டுக்கு

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக் குடும்பம் தினமும் மாலையில் வீட்டை விட்டு வெளியேற்றப்படும். வெளியேற்றுகிறவர் அந்த வீட்டுத் தலைவரேதான். முதலில் மகள் ஷீலா கையில் வாரப்பத்திரிகையோடு வருவாள். பின்னால் ஸ்டெல்லா அக்கா வருவார், பெரும்பாலும் கரண்டியோடு. கதவு சாத்தப்படும், உள்தாழ்ப்பாள் விழும். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து, கம்பளிக்கடியில் மாட்டிக்கொண்ட பூனை கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் போடுவது, டெலிபோன் வழியாக மின்னஞ்சல் இழுக்கும் மோடம். கம்பளி நிஜமாகவே உண்டு. சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று அவர்தான் அதன்மேல் போர்த்துவார்.

அம்மாவும் மகளும் படிக்கட்டில் உட்காருவார்கள். நானும் முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவேன். "சாம்பார் அடுப்புல கொதிக்குது. அது மட்டும் உள்ள இருக்கலாமாம்" என்று ஸ்டெல்லா அக்கா கதவைப் பார்த்துச் சொல்வார். கதவு பதில் சொல்லாது. வேலை முடிந்ததும் தாழ்ப்பாள் திறக்கும், அவர் தலையை நீட்டி "வரலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து எதையும் கறக்க முடியாது.

நான் கல்யாணமாகி ஆவடிக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். எதிர்வீட்டுக்காரர் பாதுகாப்புத் துறையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். 'ஏதோ' என்று நான் சோம்பலில் எழுதவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேய்த்த அரைக்கைச் சட்டை, சைக்கிள், டிபன் கேரியர். காலையில் போவார், மாலையில் வருவார். நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள விஷயம். யாராவது ஆர்வத்தில் கேட்டுவிட்டால் முகம் சுளிக்கமாட்டார். சிரித்துக்கொண்டே, "தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்பார்.

இது அலுவலக விஷயத்தோடு நின்றிருந்தால் நானும் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மனிதர் முழுக்கவே அப்படித்தான். மளிகைக் கடைச் சீட்டை நாலாகக் கிழித்து அடுப்பில் போடுவார். மத்தியானம் கேன்டீனில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மனைவி கேட்டால் "சாப்பிட்டேன்" என்பார். மின்சார ரயிலில் தொழிற்சாலை ஆட்கள் யாராவது ஷிஃப்ட், ஓவர்டைம், புதிதாக வந்த எஞ்சின் என்று பேச ஆரம்பித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். பேச்சு சினிமாவுக்குத் திரும்பினால்தான் இருமல் நிற்கும். "அம்பத்தூர்லேர்ந்து இருமிகினே வந்தாருடி. பாவம்னு நான் சினிமாவைப் பத்திப் பேச்சை மாத்திட்டேன்" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து சொன்னார்.

இரவு ஜெபமாலை முடிந்ததும் அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்வார்கள். ஷீலா பரீட்சைக்காக, ஸ்டெல்லா அக்கா முழங்கால் வலிக்காக. அவர் முறை வரும்போது "ஒரு விஷயத்துக்காக" என்பார். அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல், "மாதாகிட்டயாவது என்ன விஷயம்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். "அவங்களுக்குத் தெரியும்" என்று பதில் வந்ததாம். மறுநாள் அக்கா இதை என்னிடம் சொல்லும்போது கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, பாதியில் பேச்சே நின்றுவிட்டது.

கேலி செய்கிறேனே தவிர, அந்த மனிதரின் வாய்ப்பூட்டு எனக்கு உதவியதைப்போல் வேறு எதுவும் உதவியதில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்குக் கரு தங்காமல் போனது. அம்பத்தூர் ஸ்டேஷனில் மயங்கி விழுந்த என்னைப் பார்த்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர். என் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பியதும் அவர்தான். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் சார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்போதெல்லாம் ஊர்வாய்க்கு அவ்வளவு பயந்தேன். அவர் தலையை ஆட்டினார். பல மாதம் கழித்து நானே ஸ்டெல்லா அக்காவிடம் மனம் விட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது, கட்டிய மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அக்கா நேரே உள்ளே போய், எதிர்வீட்டுப் பெண் கஷ்டப்பட்டிருக்கிறாள், எனக்கே சொல்லவில்லையே என்று சண்டை பிடித்தார். "அது உனக்கு வந்த விஷயம் இல்ல, ஸ்டெல்லா" என்று அவர் சொன்னது என் வீடு வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவரை நான் எவ்வளவு கேலி செய்தாலும் யாரும் அவரைக் குறை சொல்ல விட்டதில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அலுவலகம் மூடிய பிறகும் டெல்லியிலிருந்து மின்னஞ்சல் வருகிறதாம். யாராவது ஒருவர் வீட்டிலிருந்தே அதைத் திறந்து பார்த்து, அவசரமென்றால் அதிகாரிக்குச் சொல்ல வேண்டுமாம். இதை அவர் சொல்லவில்லை. மெஷினை மாட்ட வந்த பையன் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பையனை எங்கள் பிளாக் பக்கம் அனுப்பவேயில்லை.

ஆபீஸ் விஷயம் ஆபீஸோடு என்று காலமெல்லாம் காத்தவரின் ஹாலுக்குள் ஆபீஸே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் வேண்டாமென்றுதான் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் ஜெபமாலையில் 'ஒரு விஷயத்துக்காக' கொஞ்சம் அழுத்தமாக வந்ததாம். ஆனால் உத்தரவு உத்தரவுதான். மெஷினை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் ஜெபமாலையோடு கோத்துக்கொண்டார். டெலிபோன் ஹாலில்தான் இருந்தது, அதனால் அலமாரியும் ஹாலில். குடும்பம் படுக்கையறையில் இருந்தால் போதாதா என்று அக்கா கேட்டதற்கு, படுக்கையறை பீரோக் கண்ணாடியில் திரை தெரிகிறது என்றார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே தட்டு நீட்டுகிற சதுர ஓட்டை இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஆகவே படிக்கட்டு.

அந்த வழியாகப் பெரிய ரகசியம் எதுவும் வராது, லீவு சர்க்குலரும் மீட்டிங் சேதியும்தான் வரும் என்று என் வீட்டுக்காரர் எங்கோ கேள்விப்பட்டு அவரிடமே சொல்லிப் பார்த்தார். பெரிசா சின்னதா என்று முடிவு பண்ணுவது நம் வேலை இல்லை என்று பதில் வந்தது. பின்னாலேயே இருமலும் வந்தது.

கீழ்வீட்டு அம்மாவின் மகன் மஸ்கட்டில் இருந்தான். அவனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பித் தர முடியுமா என்று அந்த அம்மா இவரிடம் வந்து நின்றார். அரசாங்க மெஷின், முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அந்த அம்மாவையும், டைப் தெரியும் என்பதால் என்னையும் அம்பத்தூரில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மா மருமகளைப் பற்றி மகனுக்குச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் விழக்கூடாதென்று வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது பஸ்ஸில் அந்த அம்மா, "தங்கமான மனுசன், ஆனா கொஞ்சம் மரை கழண்டுகீது" என்று என் காதில் சொன்னார். இரண்டுமே உண்மைதான்.

மரை கழன்றதன் விலையை ஷீலாதான் கொடுத்தாள். பி.காம். முடித்து மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், நிதானமான பேச்சு. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். மத்திய அரசு என்றார். எந்தத் துறை என்றார்கள். பாதுகாப்பு என்றார். அங்கே என்ன வேலை என்றார்கள். "வேலைதான்" என்றார். அவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

இரண்டாவது வரன் போனதில் எங்கள் பிளாக்குக்கே பங்குண்டு. புது ஆள் யாராவது வந்து தன் வீட்டைப் பற்றி விசாரித்தால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என அவர் எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்து வைத்திருந்தார். எங்கே வேலை, எப்போது வருவார், எப்போது போவார், எல்லாவற்றுக்கும் ஒரே பதில். சம்பந்தம் பேசுமுன் பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம்தானே. மாப்பிள்ளையின் சித்தப்பா அப்படி விசாரிக்க வந்தார். கீழ்வீட்டு அம்மா தெரியாது என்றார். மாடிவீட்டுக்காரர் தெரியாது என்றார். என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், அப்படி யாருமே இங்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அப்போது நம்மவர் பனியனோடு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் வெளிவந்தபோது எல்லோரும் சிரித்தோம். ஷீலாவும் சிரித்தாள். அப்புறம் உள்ளே போனவள் ராத்திரி சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார்.

மூன்றாவதாகப் பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா அங்கே லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். இந்தப் பையனை ஷீலாவுக்கு முன்பே தெரியும். சர்ச்சுகளுக்கான மறைமாவட்டப் பாடல் போட்டியில் பார்த்துப் பழகியவர்கள். இது கைகூட வேண்டும் என்று அவள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள். "அப்பா மட்டும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டா போதும்க்கா" என்றாள். நானும் ஸ்டெல்லா அக்காவும் அவரை உட்காரவைத்துப் பேசினோம். ரொம்ப யோசித்து, 'தகவல் பிரிவில் சூப்பர்வைசர்' என்று மட்டும் சொல்ல ஒப்புக்கொண்டார். அதையும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னோம். குற்றத்தை ஒத்துக்கொள்கிறவர் மாதிரி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மோடத்துக்கும் லீவு, பயமில்லை. அப்பா, அம்மா, பையன் மூவர்தான். நானும் என் வீட்டுக்காரரும் ஒத்தாசைக்கு இருந்தோம். ஹாலில் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினோம். பையன் தரையைப் பார்த்தான், ஷீலாவும் தரையைப் பார்த்தாள். காபி வந்ததும் பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம் சார், நீங்க இன்னா வேலைல கீறீங்க?" என்று கேட்டார்.

நான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். அக்கா அவரைப் பார்த்தார். அவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். டெலிபோன் அடித்தது.

எடுத்தார். "எஸ் சார்" என்றார். கொஞ்சம் கேட்டார். மறுபடி "எஸ் சார்" என்றார். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கை தன்னால் கழுத்துச் சாவிக்குப் போனது. அக்கா மெதுவாக "இப்ப வேணாங்க" என்றார். அவர் மகளை ஒரு நொடி பார்த்தார். பிறகு சம்பந்தி ஆக வேண்டியவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மன்னிக்கணும். எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் வெளிய இருக்கணும்."

"எங்களையா சொல்றீங்கோ?"

"எல்லாரையும்தான்."

காபி டம்ளர்களோடு எழுந்தோம். வேறு என்ன செய்வது? கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. பட்டுப்புடவையும் சலவை வேட்டியுமாக நாங்கள் ஏழு பேர் படிக்கட்டில் நின்றோம். எங்கள் வீட்டில் வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன், யாரும் அசையவில்லை. உள்ளே மோடம் கம்பளிக்கடியில் கத்தியது. "அது இன்னா சத்தம்?" என்று பட்டறைக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் "தெரியாதுங்க" என்றார். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தோடு மேலே போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். தெறித்த தண்ணீர் பட்டறைக்காரரின் வேட்டியை நனைத்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "என் வயசுக்கு எவனும் என்னை வெளியே போன்னு சொன்னதில்ல. எழுந்து வா, போலாம்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா ஏற்கெனவே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் முழங்கால் வலி. ஸ்டெல்லா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் மறைந்துகொண்டார். மூன்றாவதும் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் ஷீலா பேசினாள். அந்த ஹாலில் அவளை யாரும் பேசச் சொல்லவில்லை, படிக்கட்டில் அவளை யாரும் தடுக்கவில்லை.

"மாமா, எங்கப்பா தினமும் எங்களையும் இப்படித்தான் வெளிய அனுப்புறாரு. ஏத்துக்கிட்ட பொறுப்பு அது. உங்களுக்காக இன்னிக்கு அதை விட்டிருந்தா எனக்கு லாபம்தான். ஆனா அதுக்கப்புறம் அவர் எங்கப்பாவா இருந்திருக்க மாட்டாரு. நீங்க போறதா இருந்தா போங்க, எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். ஆனா அவர்மேல கோவப்பட்டுப் போகாதீங்க."

பையன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் அவனும் உட்கார்ந்துகொண்டான். அவன் போகப்போவதில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு நின்றார். "என் பட்டறைல ஒருத்தன் கீறான். நான் அந்தாண்ட திரும்பினாலே வண்டியை உட்டுட்டு டீ குடிக்கப் பூடுவான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அவரும் உட்கார்ந்தார்.

நான் என் வீட்டுக்குள் ஓடிப்போய், அங்கே சுட்டு வைத்திருந்த பஜ்ஜித் தட்டை எடுத்து வந்தேன். ஹாலில் வராத பேச்சு படிக்கட்டில் வந்தது. பையனின் அம்மா ஷீலாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கப்பாவைக் கேட்டால் பதில் வராது போலிருக்கிறது, அதனால் உன்னையே கேட்கிறேன், என் மகனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ஷீலா பிடித்திருக்கிறது என்றாள். மென்று விழுங்காமல், தெளிவாக. அடுத்து பையனைக் கேட்டார். அவன் பஜ்ஜியோடு தலையாட்டினான். தவக்காலம் கழிந்து ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். ஸ்டெல்லா அக்கா இப்போது என் பின்னாலிருந்து வெளியே வந்து, சிரித்துக்கொண்டே அழுதார்.

உள்ளே அன்று என்ன வந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தாழ்ப்பாள் திறந்தது. அவர் வாசலில் நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. காலிப் படிக்கட்டைப் பார்க்கத் தயாராக வந்தவர், அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து பஜ்ஜி தின்பதைப் பார்த்தார். "வரலாம்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்டார். அந்த மனிதர் இன்னொருவரிடம் விஷயம் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

ஸ்டெல்லா அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். இதற்காகவே கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவர்போல் நிதானமாகச் சொன்னார்.

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

பட்டறைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. மேலிடத்து உத்தரவைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி தலையைக் குனிந்து யோசித்தார். பிறகு நிமிர்ந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஷீலாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். கம்பளியை மடித்து அலமாரிமேல் வைத்தார். அப்புறம் அதையே மறுபடி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.